கண்ணால் வாசிக்கிற பிள்ளைகள்

அந்தப் பள்ளியில் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். வராந்தாவில் முன்னால் போகிற பெண்ணை நான் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருப்பாள். பக்கத்தில் போகிறவள் முழங்கையால் இடித்த பிறகுதான் திரும்பி, முகம் மலர்ந்து, "ஏனுங் மிஸ்" என்பாள். திமிர் என்று சொல்ல முடியாத அளவுக்கு மரியாதையான முகம். ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். தறிக்காரங்க ஊட்டுப் பிள்ளைகள் அப்படித்தான், கொஞ்சம் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும் என்றார்கள். யாருக்கும் அதில் ஆச்சரியமில்லை.

ஐந்தாறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த எனக்கு ஓரிடத்தில் உட்காரப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பிரசவ விடுப்பில் போன ஆங்கில ஆசிரியை திரும்பும் வரைக்கும் என்று சேர்ந்த வேலை அது. சூலூரில் பஸ் மாறி உள்ளே தள்ளிப் போக வேண்டும். பள்ளியின் மூன்று பக்கமும் தறிக்குடோன்கள். விசைத்தறி ஓடுகிற சத்தம் வந்த புதிதில் எனக்குத் தலைவலியைத் தந்தது. ஒருநாள் மதியம் கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது, அந்தச் சத்தம் காலையிலிருந்து என் காதில் விழவே இல்லை என்று உறைத்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனேன். தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

ஆசிரியர் அறையில் இடமில்லாததால் பேண்டு மேளங்களை அடுக்கி வைக்கிற அறையிலேயே எனக்கு மேசை போட்டிருந்தார்கள். அப்படித்தான் வெங்கடலட்சுமி பழக்கமானார். பள்ளிக்கு அவர் பேண்டு மிஸ். நாற்பதைத் தாண்டிய ஒல்லியான உருவம். சுடிதாருக்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ, கழுத்தில் விசில். நடக்கும்போது நாம் அவருக்கு இடப்பக்கம் வந்துவிட்டால் பேச்சை நிறுத்தாமலே சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடுவார். நம்முடைய கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். ரகசியம் சொல்லக் கூடாத ஆள் என்று ஆசிரியைகளிடையே பெயர். காதோடு ஒன்று சொன்னால், "யாரு, ஹெச்.எம்முங்களா?" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி திருப்பிக் கேட்பார். அவருடைய கணவர் சுந்தரராஜுலு மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். வீட்டில் டி.வி. ஓடினால், "பக்கத்து ஊருக்கும் சேத்து நியூஸ் போடறா" என்பாராம். இதை வெங்கடலட்சுமியே சொல்லிச் சிரித்தார்.

அவருடைய அப்பா சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டியவர். தறிக்குடோனுக்குள்ளேயே தொட்டில் கட்டி வளர்ந்த பெண். வீட்டில் பேசியது தெலுங்கு. ஆனால் தறி ஓடும்போது தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை, வாயசைப்பும் விரலும்தான். அரசுப் பள்ளியில் படிக்கும்போது என்.சி.சி.யில் சேர்ந்தார். அங்கே ஒரு ஹவில்தார் சைட் டிரம் கற்றுத் தந்தார். மற்றப் பெண்கள் அவர் வாயால் சொல்லிக் காட்டிய தாளத்தைக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். வெங்கடலட்சுமி அவர் மணிக்கட்டை மட்டும் பார்த்தார். குச்சி எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது, எந்த விரல் இளகுகிறது, எந்த விரல் பிடிக்கிறது என்று பார்த்தார். பட்டாலியனிலேயே விட்டுப்போகாமல் உருட்டி அடிக்கிற சுத்தமான ரோல் அவருடையதுதான் என்று சொல்லி அனுப்பினார்களாம். தனக்குக் கண் வரம் என்று அன்று முடிவு செய்துகொண்டார்.

பிள்ளைகளுக்கும் அதையே கற்றுக் கொடுத்தார். வரிசையாக நிறுத்தி, எதிரில் நின்று, "கையப் பாருங்க. காத நம்பாதீங்க, காது ஏமாத்தும்" என்பார். பெரிய மைதானத்தில் பேஸ் டிரம் சத்தம் பின்வரிசைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். கேட்டு அடித்தால் வரிசை உடையும், பார்த்து அடித்தால் உடையாது. அது உண்மையும்தான். மற்றப் பள்ளிகளின் பேண்டு மைதானத்தின் மறுகோடியில் கலைந்து போகும்போது இவருடைய பெண்கள் ஒரே குச்சி போல அடிப்பார்கள். மாவட்டப் போட்டிகளில் கேடயம் இவர்களுக்குத்தான் வரும். அட்மிஷன் ஃபிளெக்ஸில் பெரிதாக இருப்பது இந்தப் பெண்களின் படம். வருகிற குடியரசு தின அணிவகுப்புக்கு கோயமுத்தூர் மைதானத்தில் வாசிக்கவும் எங்கள் பேண்டை எடுத்திருந்தார்கள்.

சைட் டிரம் வரிசையின் தலைப்பெண் அக்ஷயா. எட்டாம் வகுப்பு. பள்ளிக்குப் பின்புறமே வீடு. அவளும், அவளோடு நிற்கிற நல்ல பெண்கள் எல்லோரும் தறி ஓடுகிற வீடுகளிலிருந்து வந்தவர்கள். தறிக்காரங்க ஊட்டுப் பிள்ளைகளுக்குத் தாளம் ரத்தத்திலேயே உண்டு என்று பள்ளியில் பெருமையாகச் சொல்வார்கள். வெங்கடலட்சுமியும் அதை நம்பினார்.

முன்பெல்லாம் மைதானத்தில்தான் பயிற்சி. பத்தாம் வகுப்புக்குத் தொந்தரவு என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டியிருந்த தகரக் கூரை செட்டுக்குள் மாற்றினார்கள். சத்தம் வெளியே போகாதபடி கதவையும் சாத்திவிடுவார்கள். ஒருமுறை நான் உள்ளே போய் நின்றேன். பாதிப் பாட்டில் வெளியே ஓடி வந்தேன். அதன் பிறகும் வெகுநேரம் காதுக்குள் ஒரு கம்பி இழுபட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

நவம்பரில் பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடந்தது. டிரம் அடிக்கக் கூடாது என்று உத்தரவு. அணிவகுப்பு நெருங்குகிறது, பயிற்சியை விடவும் முடியாது. வெங்கடலட்சுமி பழைய லாரி ட்யூபை வெட்டி, ஆளுக்கொரு ரப்பர் துண்டு கொடுத்து, மரத்தடியில் உட்கார வைத்தார். ரப்பரில் குச்சி பட்டால் டொக் டொக் என்று சின்னச் சத்தம் வரும், அவ்வளவுதான். எனக்கு அந்த வேளை வகுப்பில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ரப்பரில் தட்டுவார், பிள்ளைகள் திருப்பித் தட்டுவார்கள். விளையாட்டாக ஒரு கட்டத்தில் அவர் குச்சியை ரப்பரில் படாமல் காற்றில் அடிக்க ஆரம்பித்தார். மற்றப் பிள்ளைகள் சத்தம் நின்றதும் தடுமாறி நிறுத்தி, மிஸ் ஏமாற்றுகிறார் என்று சிரித்தார்கள். அக்ஷயா நிறுத்தவில்லை. அவளுக்கு இருபுறமும் இருந்த பெண்களும் நிறுத்தவில்லை. சத்தம் நின்றுபோனதே அவர்களுக்குத் தெரியவில்லை. காற்றில் விழுந்த அடிக்கெல்லாம் ஒன்று தவறாமல் பதில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வெங்கடலட்சுமியின் கை மெதுவாக நின்றது. இப்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள், நான் தட்டுவதைக் கேட்டு வாசியுங்கள் என்றார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். கண்ணை மூடினார்கள். அவர் தட்டினார். மற்றவர்கள் தப்பும் தவறுமாகத் திருப்பித் தட்டினார்கள், அக்ஷயாவுக்கு இருபுறமும் இருந்தவர்கள் ஒவ்வோர் அடியாகப் பிந்தித் தட்டினார்கள். அக்ஷயா நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு குச்சிகளையும் தயாராகப் பிடித்தபடி, முகத்தில் சிரிப்போடு காத்திருந்தாள். அவர் இன்னும் அழுத்தித் தட்டினார். அவள் அப்படியே காத்திருந்தாள்.

பெல் அடித்துப் பிள்ளைகள் போன பிறகு அவர் வந்து என் பக்கத்தில், வலது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். 

"எனக்கு எடது காது சின்னதுலயே மந்தமுங்க அம்மணி. அத ஒரு கொறைன்னே நெனச்சதில்லை. எங்கூட்ல எல்லாத்துக்கும் அப்படித்தான். கையப் பாரு, கையப் பாருன்னு இந்தப் புள்ளைங்களுக்கும் நானே சொல்லிச் சொல்லி, காது கேக்காதத மூடி வெச்சுப்போட்டனா?"

நான் தறிச் சத்தமாக இருக்கும் என்றேன். அவர் தகர செட்டைப் பார்த்தார். அக்ஷயா ஆறாம் வகுப்பில் பேண்டில் சேரும்போது கூப்பிட்டால் திரும்புவாள் என்று நினைவு, அது நிஜமா தான் ஆசைப்பட்டு நினைப்பதா என்று தெரியவில்லை என்றார். தறி என்றால் பழி அவருடையது இல்லை. செட்டு என்றால் அவருடையது. எது என்று சொல்ல யாருமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்ஷயா வீட்டுக்குப் போனோம். தனியாகப் போகத் தயங்கி என்னையும் கூட்டிக்கொண்டார். வீடு என்று தனியாக ஒன்றும் இல்லை. தறிக்குடோனின் ஒரு மூலையைச் சுவர் வைத்துத் தடுத்திருந்தார்கள், சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. அந்தப் பக்கம் தறிகள், இந்தப் பக்கம் கட்டிலும் கேஸ் அடுப்பும். உள்ளே நுழைந்ததும் சத்தம் என் நெஞ்செலும்பில் வந்து மோதியது. அக்ஷயாவின் அம்மா பரிமளா வாயசைத்து வரவேற்றார், எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. வெங்கடலட்சுமிக்கு அங்கே ஒரு சிரமமும் இல்லை. அவர் முகம் லேசானது. பரிமளாவும் அவரும் அத்தனை இரைச்சலுக்குள் சௌகரியமாகப் பேசிக்கொண்டார்கள். பள்ளியில் நான் பார்த்த எந்தப் பேச்சிலும் அவர் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

அப்பா தம்பிதுரை ஒரு தறியை நிறுத்திவிட்டு எங்களை வெளியே வேப்பமரத்தடிக்குக் கூட்டி வந்தார். வெங்கடலட்சுமி விஷயத்தைச் சொன்னார். புள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, கோயமுத்தூருக்குக் கூட்டிப் போய்ப் பார்க்க வேண்டும் என்றார். தம்பிதுரைக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார்.

"எம் புள்ளைக்குங்களா? வாங்க, காட்டறேன்."

மறுபடி உள்ளே கூட்டிப் போனார். அக்ஷயா அந்தக் கோடியில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள், நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் ஊடை நூலை ஏற்றுகிற வேலை. இடையில் ஓடுகிற தறிகள், அவற்றுக்குள் நூலோடு பாய்ந்து பாய்ந்து திரும்புகிற நாடாக் கட்டைகள். தம்பிதுரை இந்தக் கோடியில் நின்று கையைத் தட்டவில்லை, சத்தமும் போடவில்லை. அவள் நிமிர்ந்த சமயம் உதட்டை மட்டும் அசைத்தார். அவள் எழுந்து, ஜன்னல் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.

வெளியே வந்து தம்பிதுரை என்னிடம் கேட்டார். "இத்தனை சத்தத்துல நா மொனகுனது அவளுக்குக் கேட்டுது. உங்களுக்குக் கேட்டுதுங்களா மிஸ்?"

இல்லை என்றேன்.

"அப்பறம் யாரக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போறதுங்க?" என்று பரிமளாவைப் பார்த்தார். பரிமளா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காப்பி குடிக்காமல் போகக் கூடாது என்று பிடித்து உட்கார வைத்தார்கள்.

திரும்பும் வழியில் வெங்கடலட்சுமி சொன்னார், தன்னுடைய அப்பாவும் வருகிற விருந்தாளிகளிடம் இதே போல வித்தை காட்டுவாராம். கத்தரிக்கோல் இல்லை, தண்ணிச் சொம்பு.

டிசம்பரில் ஒரு சேவைச் சங்கத்தார் பள்ளிகளில் இலவசக் காது பரிசோதனை முகாம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, எங்கள் பள்ளிக்கும் வரச் சொல்லி வெங்கடலட்சுமிதான் கேட்டு வாங்கினார். டாக்டர் சொன்னால் தம்பிதுரை நம்புவார் என்பது அவர் கணக்கு. கரெஸ்பாண்டென்ட் கிருபாசங்கர் அனுமதி கொடுத்தார். ஆனால் முகாமுக்கு முந்தின நாள் எங்கள் அறைக்கே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொல்லியும் உட்காராமல், கதவை ஒட்டி நின்று பேசினார்.

"மிஸ், நீங்க கேட்டீங்க, நா வேண்டாம்னு சொல்லலீங்க. ஆனா நாளைக்கு ஏதாச்சும் வந்துச்சுன்னா பேரன்ட்ஸ் எதைச் சொல்லுவாங்க? தறியச் சொல்லுவாங்களா? தறி சோறு போடுதுங்க. உங்க டிரம்மைத்தான் சொல்லுவாங்க. பேண்டு போயிரும். நீங்களும் போயிருவீங்க. நா நிறுத்தி வெக்க முடியாதுங்க."

பேண்டுப் பிள்ளைகளுக்கு நாளை அணிவகுப்புப் பயிற்சி என்று மைதானத்திலேயே வைத்துக்கொள்ளலாம், மற்றப் பிள்ளைகளுக்கு முகாம் நடக்கட்டும், ஜனவரி கழியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, முடிவை வெங்கடலட்சுமியிடமே விட்டுப் போனார். அவர் சொன்னதில் தவறு என்று ஒன்றும் எனக்குப் படவில்லை.  வெங்கடலட்சுமி மேசையில் கிடந்த குச்சிகளை எடுத்து உறையில் போட்டார். மறுபடி வெளியே எடுத்தார். பிறகு, "புள்ளைங்க முகாமுக்கே வரட்டும்" என்றார், என்னிடம் இல்லை.

முகாம் நூலக அறையில் நடந்தது. முகாம் குழுவில் மற்றவர்கள் வேறு பள்ளிக்குப் போய்விட்டதால், அபிலாஷ் என்ற பயிற்சி இளைஞன் மட்டும் வந்திருந்தான். பாலக்காட்டுக்காரன், பேச்சில் மலையாளம் கலந்திருந்தது. சின்னப் பெட்டி போல ஒரு கருவி, அதிலிருந்து ஹெட்ஃபோன். மேசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் பிள்ளை. அவன் பொத்தானை அழுத்தினால் காதுக்குள் பீப் என்று சின்னதாக ஒரு ஒலி வரும். கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்க வேண்டும். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைக் கூட்டி வருவது என் வேலை. அறைக்கு வெளியே தறிகள் எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னலைச் சாத்திவிட்டு, இதற்கு மேல் அமைதி கிடைக்காதா என்று அபிலாஷ் கேட்டான். கிடைக்காது என்றேன்.

பேண்டுப் பிள்ளைகளின் முறை வந்தபோது வெங்கடலட்சுமி வந்து கதவருகே நின்றார். கிருபாசங்கரும் வந்தார். முதல் பெண் உட்கார்ந்தாள். விரல் எழுந்தது, தாழ்ந்தது. எழுந்தது, தாழ்ந்தது. தேறிவிட்டாள். அடுத்தவள் உட்கார்ந்தாள், அவளும் தேறினாள். எனக்கு நெஞ்சு லேசானது. நாங்கள் பயந்ததெல்லாம் வீண் என்று நினைத்தேன்.

"பேண்டுக் குட்டிகளுக்கு செவி நல்ல ஷார்ப் மிஸ்," என்றான் அபிலாஷ். "மற்றக் குட்டிகளைக் காட்டிலும் நல்லா கேக்குது. ஒரு கொழப்பமும் இல்லா."

கிருபாசங்கர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெங்கடலட்சுமியைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் அதைக் கவனிக்கவில்லை. உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நானும் அங்கே பார்த்தேன்.

அக்ஷயா உட்கார்ந்திருந்தாள். முதுகு நேராக, கண் சிமிட்டாமல். அவள் பார்த்துக்கொண்டிருந்தது அபிலாஷின் ஆள்காட்டி விரலை. அது பொத்தான் மேல் இறங்குவதற்கு முன் ஒரு நூலளவு இளகும், அந்த இளக்கத்திலேயே அவள் விரல் எழத் தொடங்கிவிட்டது. அவன் விரலும் அவள் விரலும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன. இத்தனை வருஷமாக மைதானத்தில் கைதட்டல் வாங்கிய அதே சுத்தம். அவள் ஏமாற்றவில்லை. சோதனை என்றால் இதுதான் என்று நினைத்தாள். வாசிப்பது என்றாலும் அவளுக்கு இதுதான்.

இன்னும் சில அழுத்தங்கள் முடிந்தால் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுவான். அந்தச் சீட்டைத் தம்பிதுரை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார். ஜனவரியில் மைதானத்தில் இவர்கள் அணிவகுப்பார்கள். வெங்கடலட்சுமியின் பேண்டு இருக்கும், வேலை இருக்கும், பழி இருக்காது. அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. நின்ற இடத்தில் நின்றால் போதும்.

அவர் கதவருகிலிருந்து நடந்து வந்தார்.

"மிஸ்" என்றார் கிருபாசங்கர், தணிந்த குரலில். அது அவருக்குக் கேட்டிருக்காது. அவர் பக்கம் இருந்தது இடது காது.

வெங்கடலட்சுமி குனிந்து அக்ஷயாவை எழச் சொன்னார். நாற்காலியைத் தூக்கி, புத்தக அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இருந்த வெறும் சுவரைப் பார்க்கிறபடி திருப்பிப் போட்டார். உட்காரச் சொல்லி, ஹெட்ஃபோனை அவரே மாட்டிவிட்டார். அபிலாஷிடம், "இப்ப அமுத்துங்க சார்" என்றார்.

அவன் அழுத்தினான். அக்ஷயாவின் கைகள் மடியில் இருந்தன. மறுபடி அழுத்தினான். பொத்தான் இறங்குகிற டிக் சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவன் வேகமாக வேறு வேறு ஒலிகளுக்கு மாற்றி அழுத்தினான். அவனுடைய முகம் மாறிக்கொண்டே வந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண் அசையவில்லை. வெகுநேரம் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு சுவரிடமே கேட்டாள்.

"ஏனுங் மிஸ், இன்னும் ஆரம்பிக்கலீங்களா?"

சுவரைப் பார்த்திருப்பவளுக்குப் பதில் சொல்லிப் பயனில்லை. அபிலாஷ் ஒலியைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். ஹெட்ஃபோனுக்கு வெளியே அது எங்களுக்கே கேட்க ஆரம்பித்த பிறகுதான் அவள் விரல் எழுந்தது.

தேறிய பெண்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். தறி வீட்டுப் பெண்கள் பலருக்கும் ஒலியைக் கூட்டிய பிறகுதான் விரல் எழுந்தது. பேண்டில் தறி இல்லாத வீட்டுப் பெண்கள் இருவரை வைத்துப் பார்த்தபோது ஒருத்திக்கு நன்றாகக் கேட்டது. இன்னொருத்திக்கு ஒரு காதில் கொஞ்சம் குறைந்திருந்தது. வெங்கடலட்சுமி அபிலாஷிடம், இது தறியா டிரம்மா என்று கேட்டார். அதை மட்டும்தான் கேட்டார். செவிக்கு எந்தச் சத்தமும் ஒன்றுதான், ஒன்றோடு ஒன்று கூடிக்கொண்டே போகும், போனது திரும்பி வராது, இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் சொன்னான். கோயமுத்தூரில் முழுப் பரிசோதனை செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தான். அவனுக்கு வயது இருபத்துச் சொச்சம்தான் இருக்கும். எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தான்.

சாயங்காலம் தம்பிதுரை மொபெட்டில் வந்தார். பள்ளியிலிருந்து போன் போயிருந்தது. கேட்டுக்கு வெளியே வேறு சில அப்பாக்களும் நின்றிருந்தார்கள். அவர்கள் குரல் ஏறிக்கொண்டிருந்தது. டிரம், டிரம் என்பது மட்டும் அடிக்கடி காதில் விழுந்தது. கிருபாசங்கர் அவர்களிடம் பேசப் போனார். தம்பிதுரை மட்டும் உள்ளே வந்து, மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, வெங்கடலட்சுமியின் முன்னால் நின்றார். இப்போது சிரிப்பில்லை.

"டிரம்மு அடிக்க வெச்சு எம் புள்ள காதக் கெடுத்துப்போட்டீங்களே மிஸ்."

"இருக்கலாமுங்க," என்றார் வெங்கடலட்சுமி. "எம் பங்கு எத்தனைன்னு எனக்கே தெரியலீங்க. இல்லைன்னு சொல்ல மாட்டேன். தகரச் செட்டப் பூட்டிச் சாவிய ஆபீஸ்ல குடுத்துப்போட்டேன். இனி இவ குச்சியத் தொட மாட்டா. நா தொட உட மாட்டேன்."

தம்பிதுரை சண்டைக்குத் தயாராக வந்தவர். மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எம் பங்க நா நிறுத்திப்போட்டேன்," என்றார் வெங்கடலட்சுமி. "இவளத் தறிக்குப் பக்கத்துல இல்லாம வேற பக்கம் படுக்க வெப்பீங்களா? தார் சுத்த உடாம இருப்பீங்களா?"

"எங்கீங்க படுக்க வெக்கறது? ஊடே அதானுங்களே."

அக்ஷயா ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் அவளுக்குத் தப்பவில்லை. குச்சியைத் தொட மாட்டாள் என்ற இடத்தில் மட்டும் அவள் உதடு லேசாக அசைந்தது. தான் பார்த்தது சரிதானா என்று பார்ப்பவள் போல அந்தச் சொற்களைச் சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்தாள்.

வெங்கடலட்சுமி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தம்பிதுரை கையைக் காட்டி நிறுத்தினார். வெள்ளிக்கிழமைக்குள் தறியில் ஏற்றியிருக்கிற பாவை நெய்து முடித்துக் காடாத் துணி அனுப்ப வேண்டும், அது முடியட்டும், பிறகு கோயமுத்தூர் போவதைப் பற்றிப் பேசலாம் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். அபிலாஷ் எழுதிய சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினார். அக்ஷயா பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி மைதானத்தைக் கடந்து போனது. தம்பிதுரை முன்னால் சாலையைப் பார்த்தபடியே அவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். நீளமாக, தலையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அக்ஷயா அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, எங்களைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தாள்.